கோகிலா மிஸ்ஸின் இடது கால்

ஜூலை 4, வெள்ளி

இன்று மீதித் தையலையும் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "மறுபடி ஸ்கூட்டர் எப்ப ஓட்டலாமுங்க?" அவர் சிரித்தார். வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். கோபிசெட்டிபாளையத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் வேறு எதைக் கேட்பாளாம்?

இடது கால். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்திருக்கிறார்கள். முழங்கால் தப்பியதே பெரிய அதிர்ஷ்டம் என்கிறார் பெனிட்டா. பிசியோதெரபி பார்க்கிற பெண். தூத்துக்குடிக்காரி. ஆள் ஒல்லி, குரல் மட்டும் போலீஸ்காரர் குரல். செய்கிற பயிற்சியைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னதும் அவர்தான். எழுதுவது என்று ஆகிவிட்ட பிறகு பயிற்சியை மட்டும் எழுதுவானேன்?

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் பைக்கிலேயே சுற்றும் என் வீட்டுக்காரர், திருவாளர் சென்னியப்பன், இன்று ஆட்டோவில் வந்து என்னை அழைத்துப் போனார். "பைக் என்னாச்சுங்க?" என்றேன். "ஒர்க்‌ஷாப்ல இருக்குது" என்றார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆறிவிட்டது.

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஜன்னல் வழியாக வண்டி ஷெட் தெரிகிறது. என் இரண்டு பயிற்சி ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. வெள்ளை ஸ்கூட்டரின் டயரில் காற்று குறைவு.

ஜூலை 6, ஞாயிறு

பயிற்சி: தொடையை இறுக்கி விடுவது, காலை நேராகத் தூக்குவது, குப்புறப் படுத்துத் தூக்குவது. செய்தேன்.

இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது. சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மதிவதனியைக் கோவைக்கு, ஹாஸ்டலுக்குத் தாட்டிவிட்டேன். அம்மாவுக்குக் கால் போனால் மகளுக்குப் படிப்பும் போக வேண்டுமா? போகும்போது அழுதாள். நான் அழவில்லை. அந்த நேரத்தில் வாக்கரின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

பெனிட்டா வீட்டுக்கே வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். காரணம் ஒரு தலையணை. நான் படுக்கும்போதெல்லாம் முழங்காலுக்கு அடியில் மெத்தென்று இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் தலையணை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இப்படி வச்சா முட்டி மடங்குன மேனிக்கே இறுகிரும். அப்புறம் எந்தக் காலு செஞ்சாலும் மாட்ட முடியாது. பாசத்தக் காட்டணும்னா கட்டுத்துணி சுத்திப் பழகுங்க."

அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினார். கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் துணியைக் குறுக்கு மறுக்காகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் வீக்கம் வடிந்து, செயற்கைக் காலுக்குள் நுழைகிற மாதிரி கூம்பாகும். இன்று முதல் முறையிலேயே நன்றாகச் சுற்றினார். மூட்டை கட்டிப் பழகிய கை.

சுற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையில் கவனம்.

கட்டைவிரல் அரிப்பைப் பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் வருமாம். இருக்கிற நுனியை உள்ளங்கையால் தட்டித் தடவிவிடச் சொன்னார். அதைச் செய்வதற்கு அதைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். கோதுமை மாவு உருண்டை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம், வந்து நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஒரே மாதிரி பெருமூச்சு விட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அன்னிக்கு வண்டிய யாரு ஓட்டுனது?"

"டிராக்டர்காரன்" என்று சொன்னேன்.

"டிராக்டரு நின்னுட்டுத்தான இருந்துச்சு?"

"ஆமாங்க, லைட்டுப் போடாம, கரும்பு லோடோட நடு ரோட்டுல நின்னுட்டிருந்துச்சு. அவன் ஓட்டியிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வந்தவர்களுக்குக் கலந்த சாதம் ஐந்து வகையும் அவரே செய்து பரிமாறினார். தேங்காய் சாதம் குழைந்திருந்தது.

பைக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். மழைக்காலம், நல்லதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தெய்வாத்தாள் அக்கா வந்தார். நம்பியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "மிஸ்ஸு" என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸை நம்பி வேலைக்குப் போவது முடியவில்லை என்று மே மாதம் என்னிடம் வண்டி பழகச் சேர்ந்தவர். பாதியில் நிற்கிறது.

ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். பெருமூச்சு விடவில்லை. யார் ஓட்டியது என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ்ஸு, நேராப் போகப் பழக்கி உட்டீங்க. திரும்பறதுக்குள்ள ஆசுபத்திரிக்குப் போயிட்டீங்க. இப்ப நான் நேராவே போயிட்டிருந்தா ஊரு எப்புடி வந்து சேருவேன்?"

"வேற யார்கிட்டயாவது பழகிக்கலாமுங்கக்கா."

"அந்த டிரைவிங் ஸ்கூல் ஆளுகிட்டப் போனேன். மூணாம் நாளு கத்துனான். நாஞ் சோறு போடற பசங்களே என்னையக் கத்த மாட்டாங்க. நீங்க வாங்க, நான் காத்திருக்கறேன்."

"கால் வரோணுமுங்கக்கா."

"வரட்டும். கத்துக் குடுக்கறதுக்கு வாய்தான வேணும்? அது இருக்குதில்ல?"

போன பிறகு வாக்கரோடு வாசல் வரை போய் வந்தேன். பெனிட்டா சொன்னதைவிட ஒரு சுற்று அதிகம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஈரோட்டில் காலுக்கு அளவெடுத்தார்கள். செய்பவர் பெயர் சாதிக் பாட்சா. ஈரத் துணியில் மாவுக் கட்டு சுற்றி, இறுகியதும் உருவி எடுத்தார். சட்டிக்கு அச்செடுக்கிற மாதிரி. "எந்த நிறம் வேணும்?" என்று மூன்று துண்டு காட்டினார். என் கைமேல் வைத்துப் பார்த்தேன். மூன்றும் என்னைவிடச் சிவப்பு. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். ஒரு கால் மட்டும் வெளுத்தால் ஆகாதா என்ன?

போக வர டாக்ஸி. பஸ்ஸில் போகலாம் என்றேன், வீட்டுக்காரர் கேட்கவில்லை. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே லாரி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அந்தக் காலுக்கு அடியில் பிரேக் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கால் வந்துவிட்டது. இன்று எழுத நேரமில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று எழுத நேரம் நிறைய இருந்தது. கை வரவில்லை.

என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்றால், மாட்டியதும் நடப்பேன் என்று. எத்தனை பெண்கள் என்னிடம் வந்து, வண்டியில் உட்கார்ந்ததும் பறப்போம் என்று நினைத்துவிட்டு, முதல் நாள் முகம் சுருங்கிப் போவார்கள்! நேற்று அந்த முகம் எனக்கு. இரண்டு பக்கமும் கம்பி. நடுவில் நான். இடது பக்கம் எடையைக் கொடுத்ததும் யாரோ அந்நியர் காலில் ஏறி நிற்பது மாதிரி இருந்தது. வலி வேறு. கம்பியைப் பிடித்த கை வெளுத்துவிட்டது.

"கீழ பார்க்காதீங்க அக்கா" என்றார் பெனிட்டா. "எதிர்ச் சுவரைப் பாருங்க. கம்பியை இறுக்காதீங்க. எடையைப் போடுங்க, அது உங்கள விட்டுட்டு ஓடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வருடமாக நான் அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய வசனம். கீழே பார்க்காதீங்க, ஹேண்டில்பாரை இறுக்காதீங்க, பார்வை தூரத்துல. கேட்பவளாக நின்றால்தான் தெரிகிறது அது எவ்வளவு எரிச்சல் தரும் வாக்கியம் என்று.

எதிர்ச் சுவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். நான் நிமிர்ந்ததும் காலண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கம்பி இல்லாமல், ஒரு கைத்தடியோடு, முன்னறையிலிருந்து சமையல்கட்டு வரை. சாம்பார் நானே வைத்தேன். ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் சிவப்பு. உள்ளே இன்னொரு சாக்ஸ் போட்டதும் சரியானது. நாள் போகப் போகச் சதை சுருங்குமாம், சாக்ஸ் கூடுமாம். செருப்புக் கடைக்காரர் மாதிரி இதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

அவர் வேலைக்கு டவுன் பஸ்ஸில் போகிறார், சரியாக ஆறு மணிக்கு வந்துவிடுகிறார். சட்டையில் புழுதி இல்லை. முன்பெல்லாம் காலர் கசக்கிக் கசக்கி என் விரல் தேயும். துவைக்கிற வேலை குறைந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. காலையில் அவர் கம்பெனிப் பூஜைக்குப் போனதும் நானே மெதுவாக ஷெட்டுக்குப் போனேன். மூன்று படி. இறங்கும்போது செயற்கைக் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். தவறில்லாமல் இறங்கினேன்.

ஸ்கூட்டர் இரண்டையும் துடைத்தேன். பிறகு அவருடைய பைக்கின் தார்ப்பாயை விலக்கினேன். முன்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. நேற்றுப் பின்னியதல்ல. ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் விரலால் எழுதலாம் போலத் தூசி. ஒர்க்‌ஷாப்பில் ஒட்டிய துண்டுச் சீட்டுகூட டேங்க் மேல் அப்படியே இருந்தது. ஆகஸ்டில் வந்த வண்டியில் அவர் ஒரு தடவையும் உட்காரவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டுப் பூஜைக்கு வாழ்த்துச் சொல்கிற மாதிரி மேனேஜரிடம் பேசினேன். "சென்னியப்பனுக்கு குடோன் வேலை பழகிருச்சுங்களா?" என்று அவரே கேட்டார். "ஊர் ஊரா லைனுக்குப் போகமாட்டேன், மூட்டை எண்ணுற வேலை போதும்னு ஜூலையிலயே எழுதிக் குடுத்துட்டாருங்களே. நல்லா பேசுற மனுசன். விவசாயிங்க இன்னும் அவரத்தான் கேக்கறாங்க."

எனக்கு முன்பே தெரியும் என்பது போல ஆமாங்க ஆமாங்க என்றேன்.

சிலந்தி வலையைத் துடைக்காமல், சந்தனப் பொட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சத்தி ரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். "அண்ணன் சொல்லியிருந்தாருங்க. ரெண்டு ஸ்கூட்டரையும் பார்த்துட்டு, புடிச்சிருந்தா இன்னிக்கே எடுத்துக்கலாம்னு."

"எந்த அண்ணனுங்க?"

"சென்னியப்பண்ணன்."

விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். குரல் ஏறாமல்தான் சொன்னேன், ஆனால் அந்த ஆள் வேகமாகப் போனார்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். கைகால் கழுவும் வரைக்கும்கூட நான் பொறுக்கவில்லை.

"ரெண்டு வண்டியையும் விக்கச் சொன்னது யாருங்க?"

"நாந்தான்."

"அது எம் பேர்ல இருக்குதுங்க."

"இருக்கட்டும். இனி எதுக்கு அது? மறுபடி ஏறி, எங்கியாச்சும் விழுந்து, இருக்கற காலும் போனா?"

"நான் விழுவேன்னு யாரு சொன்னா? இத்தன வருசத்துல நான் ஓட்டி யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டது. துவைக்கிற கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன். அன்று என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். இருட்டும் நேரம். சாவிக்கு நான் கையை நீட்டினேன். அவருக்குச் சாயங்கால வெளிச்சத்தில் கண் அவ்வளவு பற்றாது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "உங்கண்ணன் ஊட்டு வாசல்ல உம் பொறகால உக்காந்துட்டு எறங்கச் சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவரே ஓட்டினார். வாய்க்கால் ரோட்டு வளைவு. டிராக்டர். அவ்வளவுதான்.

"நீ அன்னிக்குச் சாவி கேட்ட" என்றார்.

"கேட்டேன்."

"குடுத்திருக்கோணும்."

அப்படியெல்லாம் இல்லைங்க, விதி, யார் ஓட்டியிருந்தாலும் நடந்திருக்கும் என்று சொல்லலாம். வந்தவர் போனவர் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு வரவில்லை.

"ஆமாங்க" என்றேன். "குடுத்திருக்கோணும்."

அவர் தலை நிமிர்ந்தது. என்ன ஆச்சரியம் என்றால், அந்த முகத்தில் ஒரு நிம்மதி. "நாலு மாசமா இத ஒரு வார்த்த நீ சொல்லுவீன்னு பாத்தேன். ஒறம்பரை கேட்டப்பக்கூடச் சிரிச்சு மழுப்பீட்ட. திட்டியிருக்கலாம் நீயி. திட்டாம இருந்தது எப்புடி இருந்துச்சு தெரியுமா?"

"நாலு மாசமா உங்களயக் காப்பாத்திட்டு இருக்கறதா நெனைச்சேனுங்க."

"கொன்னுட்டு இருந்த."

சரி என்று கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, திட்டினேன். கண் டெஸ்ட் பண்ணச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்காதது, அண்ணன் வீட்டு வாசல் கௌரவம், குடோன் வேலை, என் வண்டியை என்னைக் கேட்காமல் விற்கப் பார்த்தது, தேங்காய் சாதம் குழைந்தது வரை எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் கல்மேல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன், எழுதிவிடுகிறேன்.

பிறகு பசித்தது. தோசை ஊற்றினேன். அவர் சட்னி அரைத்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கும் என் மைதானத்துக்குப் போனேன். தெய்வாத்தாள் அக்கா ஆறு மணிக்கே வந்து ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரரும் நடந்து வந்து வேலி ஓரமாக நின்றார். வர வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

முதலில் நான். வெள்ளை ஸ்கூட்டர். ஓடும்போது கால் எதற்கு? ஓட்டம் சுகமாக இருந்தது. முகத்தில் காற்று அடித்தது. நான்கு மாதமாக என்மேல் பட்டதெல்லாம் மின்விசிறிக் காற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது இடது காலை ஊன்றுவது நம் ஊர்ப் பழக்கம். ஊன்றினேன். தரை எங்கே இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. கணுக்கால் மடங்காது, உள்ளங்காலுக்கு உணர்ச்சி கிடையாது. வண்டியும் நானும் இடது பக்கமாகப் பொத்தென்று சாய்ந்தோம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன்.

"மிஸ்ஸு!" என்று தெய்வாத்தாள் அக்கா ஓடிவந்தார்.

"என்னையத் தொடாதீங்க. முதல்ல சாவிய அணைங்க. விழுந்தா என்ன பண்ணோணும்னு சொல்லிக் குடுத்திருக்கறனா இல்லயா?"

"இஞ்சின அணைக்கோணும், ஒடம்ப அசைச்சுப் பாக்கோணும், அப்பறந்தான் எந்திரிக்கோணும்."

"கரெக்ட்."

அசைத்துப் பார்த்தேன். முழங்கை தோல் போயிருந்தது. செயற்கைக் காலுக்கு ஒரு கீறல். கையை ஊன்றி, நல்ல காலை மடக்கி, பெனிட்டா பழக்கியபடி எழுந்தேன். சுடிதாரில் மண். அவர் கண்ணைத் திறந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சுற்றில் வலது காலை ஊன்றி நிறுத்தினேன். அதுவும் பழக நாளாகும். பழகும்.

அக்டோபர் 16, வியாழன்

கண் டெஸ்டுக்குப் போய்விட்டு வந்தார். கண்ணாடி போட்டதும் வேப்பமரத்தில் தனித்தனியாக இலை தெரிகிறதாம். என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி மூன்று தடவை சொன்னார்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்து பயிற்சியை மறுபடி தொடங்கிவிட்டேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தம் போடுகிறேன். தெய்வாத்தாள் அக்கா திரும்பப் பழகிவிட்டார். வலது பக்கம் மட்டும்.

வகுப்பு முடிந்ததும் என் வீட்டுக்காரர் வேலி ஓரத்திலிருந்து வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் ஒரு ரவுண்டு பாக்கலாமா?"

"பைக்கு எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல. கை நடுங்குது. கிளச்செல்லாம் இப்ப ஆவாது. இந்த ஸ்கூட்டர்ல."

இருபத்தைந்து வருடம் பைக் ஓட்டியவர். நான் சிரிக்கவில்லை. தெய்வாத்தாள் அக்காவும் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "பயந்துக்காதீங்கண்ணா. மிஸ்ஸு சொல்றத அப்படியே கேளுங்க. நானே வலப்பக்கம் திரும்பிட்டேன்."

முதல் நாள் வருகிறவர்களைப் போலவே அவர் இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு போனார். "காலத் தூக்குங்க!" என்று கத்தினேன். தூக்கினார். பத்தடி போனதும் மறுபடி போட்டுவிட்டார். பரவாயில்லை. பத்தடி.

நவம்பர் 14, வெள்ளி

போன வாரம் லைசென்ஸ் விஷயமாக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் சக்கரம் வைத்த வண்டிதான் ரோட்டில் ஓட்டலாம் என்றார்கள். என்னிடம் பழகிய பெண்களுக்கு நான் ஒருபோதும் அந்தச் சக்கரத்தைச் சிபாரிசு செய்ததில்லை. பேலன்ஸ்தான் வண்டியின் உயிர் என்று பிரசங்கம் செய்தவள். வரும் வழியில் உம்மென்று வந்தேன்.

இன்று வெள்ளை ஸ்கூட்டரில் சக்கரம் பொருத்தியாயிற்று. ஓட்டிப் பார்த்ததும் இன்னொரு பாடம். இது சாயாது. திருப்பத்தில் உடம்பைச் சாய்த்தால் வண்டி நேராக வேலிக்குப் போகிறது. ஆட்டோ மாதிரி ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். கற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாகப் பழகினேன். மதியத்துக்குள் பிடிபட்டது. நிறுத்தும்போது எந்தக் காலையும் ஊன்ற வேண்டாம். ராணி மாதிரி உட்கார்ந்தபடியே நிற்கலாம். இதை ஏன் இத்தனை நாள் மட்டமாகப் பேசினேன்?

நவம்பர் 23, ஞாயிறு

கடைவீதிக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்க் கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். கடைக்காரர், "ஏனுங் மிஸ்ஸு, கண்ணுலயே காணோமே, எங்க போயிட்டீங்க?" என்றார். ஒரு கால் எடுத்துட்டாங்க, அதான் லேட்டு என்றேன். அந்த மனிதர் அதிர்ச்சியில் அரை கிலோவுக்கு முக்கால் கிலோ போட்டுவிட்டார்.

வந்து கழற்றிப் பார்த்தால் முட்டிக்குக் கீழே கொப்புளம். இரண்டு நாள் கால் போடக் கூடாது என்று பெனிட்டா உத்தரவு. வாக்கரைத் திரும்ப எடுத்தபோது மனது சுருங்கியது. இரண்டு நாள்தானே.

டிசம்பர் 5, வெள்ளி

தெய்வாத்தாள் அக்கா இன்று பள்ளிக்கூடத்துக்குத் தன் சொந்த வண்டியில் போனார். வழியில் போன் பண்ணவில்லை, அதுவே பெரிய நிம்மதி. மதியம் பண்ணினார். "எடப்பக்கமும் திரும்பிட்டேன் மிஸ்ஸு" என்றார். பின்னால் ஒரே குழந்தைகள் சத்தம்.

என் வீட்டுக்காரர் மைதானத்துக்குள் பைக் ஓட்டுகிறார். கிளட்ச், கியர் எல்லாம் சரி. கேட் வரை வருகிறார். கேட்டருகே வந்ததும் வண்டி தானாகவே திரும்பிக்கொள்கிறது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்கிறார். தினமும் நாளைக்கு.

நான் அவசரப்படுத்தவில்லை. எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் மைதானத்தில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒன்றுதான். அவளோடு போராடிக்கொண்டிருந்தபோது அவர் வழக்கம்போலக் கேட் வரை போனார். பைக் திரும்பவில்லை. வெளியே போய்விட்டது.

"நிறுத்திட்டு அப்படியே நில்லு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கேட்டுக்கு நடந்தேன். தரை மேடுபள்ளம். எப்போது போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ரோட்டில் அவரைக் காணோம். இடது பக்கம் டவுன், வலது பக்கம் வாய்க்கால் ரோடு. இரண்டு பக்கமும் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்ட விதம் எனக்கே புதிது. வேலி ஓரம் நின்று கண்ணை மூடிக்கொண்ட மனிதரை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

வலது பக்கத்திலிருந்து வந்தார். வாய்க்கால் வரை போய்த் திரும்பியிருக்கிறார். மிக மெதுவாக. பின்னால் ஒரு மினி பஸ்ஸும் பால் வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. அவர் முகம் வேர்த்திருந்தது. கண்ணாடிக்குள் கண் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ பாக்காதீங்க!" என்று கத்தினேன். "தூரமாப் பாருங்க! அவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், ரோடு அவங்கப்பன் ஊட்டுதா?"

நிமிர்ந்தார். என்னிடம் வந்து நிறுத்துவார் என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். நிறுத்தவில்லை. என்னைக் கடக்கும்போது, "நம்பியூர் லைனுக்குப் போயிட்டு வந்தர்றேன். மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றி டவுன் பக்கம் போய்விட்டார். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் சொல்லாமல் செய்கிற பழக்கம் மட்டும் போகாது.

திரும்பி வந்தேன். அந்தப் பெண் நான் சொன்ன இடத்திலேயே ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தி சாய்வதற்குள் வந்துவிட்டார். காலரெல்லாம் புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் நெற்றியில் கோடு. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, புளியக் கரைச்சு அப்படியே ஊத்தீட்டியா?"

நான் கரண்டியோடு நின்றேன். நான் மறுபடி சமைக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த மனிதர் போட்டதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனவர். உப்பே போடாத குழம்பைக்கூட நன்றாயிருக்கிறது என்றவர்.

"புளிச்சா குடிக்காதீங்க. நாளைக்கு நீங்களே வைங்க."

"வெக்கறேன். உன்ற மாதிரியா வெப்பேன்?"

"தேங்காய் சாதம் வெச்சீங்களே, அது மாதிரி வெப்பீங்க."

"அதைய இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லுவ?"

"சாகற வரைக்கும் சொல்லுவேன்."

நன்றாகச் சண்டை போட்டோம். இரண்டாம் தடவையும் ரசம் வாங்கிக்கொண்டார்.